பிடுங்கிப் பார்த்த ஒரு பூ

நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, லூர்து அக்கா எழுதுவது.

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது கள்ளிச்செடி வரிசைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'பூவைத் தொடாதீர்கள், இழுக்காதீர்கள்' என்று சிவப்பு எழுத்து. யார் வைத்தது என்று கேட்டேன். "வர்ற ஆளுக எல்லாம் பூவை இழுத்து இழுத்துப் பாக்குதாங்கக்கா. ரெண்டு பூ கையோட வந்துட்டு" என்று குறைபட்டீர்கள். நியாயமான குறைதான். ஆனாலும் அதைக் கழற்றச் சொல்லி முறைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமெல்லாம் ஆகவில்லை. காரணத்தைச் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாயிற்று, இனிமேல் போனால் போகிறது என்று இப்போது எழுதுகிறேன்.

தச்சநல்லூரைத் தாண்டியிருக்கிற இந்த நர்சரியில் முப்பது வருஷத்துக்கு ஒன்று குறைய வேலை பார்த்தேன். நான் கடலோரத்தில் பிறந்தவள். வள்ளமும் வலையும் தெரியும், செடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கல்யாணமாகி இங்கே வந்து, தொட்டியில் மண் நிரப்புவதில் ஆரம்பித்து, கடைசிப் பத்து வருஷம் மேற்பார்வைக்கு வந்தேன். லாரியில் இறங்குகிற செடிக்கெல்லாம் பேர் எழுதிக் குத்துவது என் வேலை. "லூர்து எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று முதலாளி அண்ணாச்சி வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது.

அப்போது வெளியூர் மொத்த வியாபாரியிடமிருந்து கட்டைவிரல் உயரக் கள்ளிச்செடிகள் வரும். பூ இல்லாத கள்ளியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா? அதனால் வேறு ஏதோ செடியின் உலர்ந்த பூவுக்குச் சாயம் ஏற்றி, சூடான பசையால் கள்ளியின் உச்சியில் ஒட்டி அனுப்புவார்கள். தொட்டால் சரசரக்கும். மாதக்கணக்கில் வாடாது. அந்தப் பூவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரம் பட்டால் இதழ்களை மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரித்துக்கொள்ளும். செத்த பூதான், ஆனால் உயிரோடு இருப்பதாக நன்றாக நடிக்கும்.

கடையில் எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வோம். கேட்காவிட்டால் சொல்ல மாட்டோம். நாங்கள் பொய் சொல்லவில்லையே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

உங்களுக்கு மண் கலக்கச் சொல்லித்தருகிற பாக்கியம், முதன்முதலில் இந்த வாசலுக்கு வந்தது வேலைக்கு இல்லை, செடி வாங்க. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். எஸ்டேட்டை மூடுகிறார்கள் என்று எல்லோரும் மலையை விட்டு இறங்கிய சமயத்தில் அவளும் இறங்கி வந்து, தச்சநல்லூரில் ஓர் ஒற்றை அறை வீட்டில் குடியேறியிருந்தாள். கணவர் முன்பே இறந்துவிட்டார். மேலேயிருந்து கொண்டு வந்த செடிகளைத் திருநெல்வேலி வெயில் ஒரே மாதத்தில் பொசுக்கிவிட்டது.

"கருகாத செடியா ஒண்ணு தாங்கக்கா" என்றாள். "சின்னதா இருந்தாப் போதும். ஜன்னல்ல வைக்க இவ்வளவுதான் எடம்."

ரோஸ் நிறப் பூ ஒட்டிய ஒரு கள்ளியை எடுத்துக் கொடுத்தேன்.

"இந்தப் பூ உதிருமாக்கா?"

"உதிராது" என்றேன். பாருங்கள், இதிலும் ஒரு பொய் கிடையாது.

அந்தத் தொட்டியில் என் கையெழுத்தில் 'ரெபூட்டியா' என்று ஒரு பேர்ப்பட்டை குத்தியிருந்தது. அந்த லாரிச் சரக்கில் பேர் எழுதி வரவில்லை. அவசரத்தில் படப்புத்தகத்தைப் புரட்டி, அதே ரோஸ் நிறத்தில் பூக்கிற கள்ளியின் பேரை எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன். பூ ஒட்டுப் பூ என்று தெரிந்துகொண்டே, அந்தப் பூவைப் பார்த்துச் செடிக்குப் பேர் வைத்த மகராசி நான். இப்போது நீங்கள் போனைக் காட்டிச் செடியின் பேர் கேட்கிறீர்கள். போனும் என்னைப் போல முதலில் பூவைத்தான் பார்க்கிறது, கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஒன்றரை வருஷம் போனது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மலர்க் கண்காட்சி நடந்தது. கள்ளிச்செடிப் பிரிவுக்கு மூன்று நடுவர்கள்: ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, அப்புறம் நான். சட்டையில் குத்துகிற பூவெல்லாம் கொடுத்தார்கள். நான் சேலையில் குத்திக்கொண்டேன்.

மூன்றாவது மேசையில் ஒரு தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நடுவில் ஒரு தாய்ச்செடி, அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பதினோரு குட்டிகள். வெள்ளை முள் ஒன்றுகூட உடையவில்லை, அடியில் அழுகல் இல்லை, தூசி இல்லை. நம் ஊர் வெயிலில் ஒரு ஜன்னல் விளிம்பில் அப்படி ஒரு கொத்தை வளர்த்தெடுப்பது லேசான காரியம் இல்லை. தாய்ச்செடியின் உச்சியில் மட்டும் சாயம் வெளுத்த ஒரு ரோஸ் பூ இருந்தது.

பேராசிரியர் குனிந்து அந்தப் பூவை நகத்தால் நெம்பினார். "பசை" என்றார். "பூவை ஒட்டிக்கிட்டுப் பரிசுக்கு வந்துர்றாங்க. என்ன துணிச்சல் பாருங்க."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாக்கியம் நின்றிருந்தாள். "இல்லீங்க ஐயா, அது பூதான். ஈரத்துக்கு மூடும், வெயிலுக்கு விரியும். ஒண்ணரை வருஷமா நான் தெனமும் பாக்கேன்" என்றாள். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

அவள் எதற்காக அங்கே வந்தாள் என்பதும் எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோனது. தலைமையாசிரியை அவளைப் பார்த்து, "தோட்ட வேலைக்கு உன்னையா சேர்க்கச் சொன்னாங்க? செடியைக் கொண்டு வா, பார்த்துட்டு முடிவு பண்றேன்னு சொன்னது இதுக்குத்தானா?" என்றார். பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு ஆள் தேடியிருக்கிறார்கள். பாக்கியத்திடம் படிப்போ சான்றிதழோ எதுவும் கிடையாது. அந்தத் தொட்டியைத்தான் சான்றிதழாகக் கொண்டு வந்திருந்தாள்.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அக்கா, நீங்களா! உங்க கடையில வாங்குனதுதானேக்கா. நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

பிள்ளைகளே, அந்தப் பட்டையில் என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் நம் கடையின் பழைய வாடிக்கையாளர். அந்தப் பள்ளிக்கூடம் நம்மிடம் பெரிய அளவில் கன்றுகள் எடுக்கிறது. ஓய்வு பெற எனக்கு நாலு மாதம்தான் பாக்கி. இதெல்லாம் ஒரு நொடிக்குள் மனசில் ஓடிற்று. ஒரு வரி சொன்னால் போதும்: 'ஒட்டியது அவள் இல்லை, நாங்கள்தான் ஒட்டுப் பூவை விற்றோம்.' நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அடுத்த மேசைக்கு நேரமாச்சு சார்" என்றேன்.

பேராசிரியர் அட்டையில் 'போலி' என்று எழுதி, தொட்டியை மேசைக்கு அடியில் இறக்கி வைத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கியம் குனிந்து தொட்டியை எடுத்துக்கொண்டு போனதைப் பிறகு யாரோ சொன்னார்கள். அவளைப் போய்ப் பார்க்கத் தைரியம் வருவதற்கு மூன்று நாள் பிடித்தது.

வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"ஒட்டுப் பூன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"நான் வாங்கும்போதேவா?"

"வாங்கும்போதே தெரியும்."

சுளகைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வருவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டியோடு வந்து உட்கார்ந்தாள். ஒட்டுப் பூவைப் பிய்த்து எடுத்திருந்தாள். அந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு பழுப்பு வட்டம்.

"இங்கன பாருங்க" என்று அதைக் காட்டினாள். "தேயிலையில கவாத்துன்னு ஒண்ணு உண்டு. மேல் நுனியை வெட்டி விட்டாத்தான் பக்கத்துல துளிரு வரும். உங்க பசை இதோட நுனியை அடைச்சுப் போட்டுட்டு. மேல போக வழியில்லாமத்தான் இது சுத்திச் சுத்திக் குட்டி போட்டிருக்கு. நான்தான் நல்லா வளக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீ நல்லாத்தான் வளத்திருக்கே பாக்கியம். நுனி அடைச்ச செடி எங்க கடையில நூறு செத்திருக்கு" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, உண்மை. இருந்தாலும் அவள் அதைக் காதில் வாங்கவில்லை. குட்டிகளுக்கு நடுவே விரலை மெல்ல நுழைத்து ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. இதோ, உச்சியில இல்ல, கொஞ்சம் கீழே, முள்ளுக் கொத்துக்கும் முள்ளுக் கொத்துக்கும் இடையில, சின்னச் சின்னதா மஞ்ச வெள்ளையில ஏதோ மொளைக்கும். போன பங்குனியில வந்துச்சு. வட்டம் போட்ட மாதிரி வரிசையா. அரிசி அளவுதான். பூச்சி முட்டையோ, சீக்கோன்னு பயந்துட்டேன். பெரிய பூவுக்குச் சத்து போயிரக் கூடாதேன்னு ஒண்ணு விடாமக் கிள்ளிப் போட்டேன். ஊசி வச்சு, பைய, முள்ளு ஒடையாமக் கிள்ளினேன். அது என்னக்கா?"

அது என்ன என்று உங்களில் யாருக்காவது தெரிகிறதா?

அதுதான் அந்தச் செடியின் பூ. மொட்டு. உச்சியில் ஒற்றையாகப் பெரிதாகப் பூக்கிற செடியே அல்ல அது. உச்சிக்குச் சற்றுக் கீழே, முள் கொத்துகளின் இடுக்குகளிலிருந்து, மாலை சூட்டியதுபோல் வட்டமாகப் பூக்கிற மாமில்லேரியா. குட்டி போட்டுக் கொத்தாகப் படர்வது அதன் பிறவிக் குணம். நான் எழுதிய ரெபூட்டியா, செடியின் அடிப்பக்கத்திலிருந்து பூக்கும். பூவின் நிறத்தையும் அளவையும் பார்க்காமல், அது எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் பேரும் தப்பாகியிருக்காது, ஒட்டும் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். இருபத்தொன்பது வருஷ அனுபவத்தில் உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய பாடம் இது ஒன்றுதான். அதையும் நான் கற்றது இந்தப் பெண்ணின் வாசலில்.

தேயிலைத் தோட்டத்தில் பூ என்றால் வேண்டாத சமாச்சாரம். இலைக்குப் போக வேண்டிய சத்தை அது தின்றுவிடும் என்று கிள்ளி எறிந்து பழகிய கை அவளுடையது. அந்தக் கைதான், நாங்கள் ஒட்டிய செத்த பூவைக் காப்பாற்றுவதற்காக, உயிருள்ள மொட்டுகளை ஒன்றுவிடாமல் கிள்ளியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லாமல் இருந்ததன் லட்சணத்தைத்தான் மூன்று நாளைக்கு முன்பு பார்த்தாயிற்றே. சொன்னேன்.

அவள் அழவில்லை. "அம்புட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தொட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுதது நான்தான். எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையெழுத்து, எங்கள் சரக்கு, எனக்குத் தெரிந்திருந்தது, வாயை மூடிக்கொண்டேன் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே லூர்து. அந்தக் கொத்தைப் பார்த்ததும் இந்தம்மாதான் வேணும்னு நினைச்சேன். நேத்துதான் வேற ஆளைச் சேர்த்தோம். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், போன்னு சொல்ல முடியாது" என்றார்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் போயிருந்தால் அவளுக்கு அந்த வேலை கிடைத்திருக்கும். இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. தப்புச் செய்தால் ஒத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லுவார்கள். அன்றைக்கே, அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்கிறேன். பிறகு ஒத்துக்கொண்டதில் என் மனம்தான் லேசானது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி அண்ணாச்சியிடம் போய், இனிமேல் ஒட்டுப் பூ சரக்கு வேண்டாம் என்றேன்.

"ஊர்ல எல்லாரும்தான் விக்கான். நான் மட்டும் மொட்டையா வச்சா எவன் வாங்குவான்?" என்றார். "என்ன லூர்து, வீட்டுக்குப் போகப்போற நேரத்துல ஞானம் பொறந்துட்டோ?"

"பொறந்துட்டு அண்ணாச்சி. பிரசவம்தான் லேட்டு" என்றேன். "சரக்கு வரட்டும். ஒவ்வொரு தொட்டியிலயும் 'இது ஒட்டுப் பூ'ன்னு பெருசா எழுதிக் குத்துதேன். லூர்து எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நீங்களே சொல்லுவிய."

கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. யாரும் கேட்காததால் அவரும் யோசிக்காமல் இருந்தார். கடையில் மிச்சமிருந்த தொட்டிகளிலிருந்து பூவை எல்லாம் அன்றே உரித்தோம். பாதிச் செடிகளுக்கு நுனித் தோலும் சேர்ந்து வந்தது. பாக்கியத்தை வேலைக்குச் சேர்க்கவும் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்க்கா" என்றாள். அந்தக் குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. ஒரு மாதம் ஆகியும் வரவில்லை. மறுபடி போய்க் கூப்பிடவும் எனக்கு முகம் இல்லை.

பலகை விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலையில், நான் பட்டைகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில் யாரோ ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நிமிர்ந்தால் பாக்கியம். தொட்டியில் பதினோரு குட்டிகளும் பூத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் சின்னச் சின்னதாய், வெண்ணெய் நிறத்தில் ஒரு வளையம். பெரிய செடியில் மட்டும் தழும்பு. பெரிதாகப் பகட்டாக ஒன்றுமில்லை, ரோஸ் நிறமும் இல்லை. நான் இந்த வேலையில் பார்த்த பூக்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

நான் பழைய பட்டையை உருவிப் போட்டுவிட்டு, 'மாமில்லேரியா' என்று புதிதாக எழுதிக் குத்தினேன். அப்போதுதான் கவனித்தேன். ஒரு குட்டியின் வளையத்தில் ஓரிடம் காலியாக இருந்தது, பல் விழுந்த மாதிரி.

"இங்கன ஒண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

பாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சின்னப் பூ, வதங்கிக் கிடந்தது.

"நேத்து விரிஞ்சுதுக்கா. விடிஞ்சதுலேருந்து அதையே பாத்துட்டு இருந்தேன். மூடுச்சு, விரிஞ்சுது. அந்த ஒட்டுப் பூவும் அப்படித்தானே செஞ்சுது? எனக்கு நம்பிக்கை வரல. ஒண்ணை மட்டும் இழுத்துப் பாத்துருவோம்னு இழுத்தேன்" என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. "பசை இல்லக்கா. நெசப் பூ. பிடுங்கின பெறவுதான் தெரிஞ்சுது."

அன்றைக்கே வேலையில் சேர்ந்தாள். அந்தத் தொட்டிதான் இப்போது உங்கள் வாசலில் இருப்பது. அது காய்க்கிற சிவப்புக் காயைத்தான் மிளகாய் என்று நினைத்து நீங்கள் சிரித்தீர்கள்.

பலகையைக் கழற்றிவிடுங்கள். ஒரு காலத்தில் ஒட்டுப் பூ விற்ற கடை இது; வருகிறவர்கள் இழுத்துப் பார்க்கட்டும்.